தீவுக்குக் குடிபோகிறவர் போட வேண்டிய கணக்கு

('தீவு வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், காம்பாரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் கடற்காற்றைப் பற்றியும் மன அமைதியைப் பற்றியும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. பட்டணத்துப் புகையில் முப்பது வருடம் வேலை செய்தவனுக்குக் கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. ஈப்போ, காம்பார், தாப்பா வட்டாரத்தில் நம்மவர்கள் வாயில் இப்போது அடிக்கடி வருகிற பெயர் பங்கோர். ஐம்பத்தைந்தில் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். 'பங்கோரில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போய்விடலாமா?' என்று பேச்சு கிளம்புகிறது. வயதானவர்கள் மட்டுமல்ல, ஹோம்ஸ்டே நடத்தலாம், சாப்பாட்டுக் கடை போடலாம் என்று கணக்குப் போடும் இளம் தம்பதிகளும் இருக்கிறார்கள்.

இவர்கள் முதலில் கேட்பது வீட்டு விலை. அடுத்தது படகுக் கட்டணம். மூன்றாவதாகக் கைப்பேசிக்கு லைன் கிடைக்குமா என்பது. அங்கே யார் யார் வாழ்கிறார்கள், எந்த வயதுக்காரர்கள், எதனால் அங்கே இருக்கிறார்கள், எப்போது வெளியேறுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தலை எண்ணுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தலை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதற்கு எங்கள் காம்பாரையே எடுத்துக்கொள்ளலாம். ஈயத்தால் வளர்ந்த ஊர் அது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை செய்யும் வயதுக்காரர்கள் கிளம்பினார்கள். பழைய கடைவீதியும் ஈயக்குட்டைகளும் வயதானவர்களும் மிஞ்சினார்கள். பிறகு 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. 2009-இல் காம்பார் தனி மாவட்டமானது. இன்றைக்கு எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால் இளைஞர் கூட்டம் அலைமோதும். வெளியூர்க்காரர் பார்த்தால், 'அடேயப்பா, இளமையான ஊர்!' என்பார். அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு இளைஞர்கள் வருவார்கள். ஊரின் வயதுக் கணக்கில் இருபது வயதருகே ஒரு மேடு எப்போதும் தெரியும். ஆனால் அந்த மேடு இங்கே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை. விடுமுறை விட்டால் சாப்பாட்டுக் கடைகள் பாதி காலி. மொத்தத் தொகை ஒன்றைச் சொல்லும். வயது வேறொன்றைச் சொல்லும்.

ஊர் பெரிதாக இருந்தால் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கடிக்காது. தீவில் கடிக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து ஈடுகட்ட வழியில்லாத இடம் அல்லவா தீவு?

இதற்கு நம் இனத்தாரின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. பினாங்கிலிருந்து வடமேற்கே கடலில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் போனால் கச்சால் என்ற தீவு வரும். இந்தியாவின் நிக்கோபார் கூட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ரப்பர் தோட்டம் உண்டு. அதில் பால் வெட்டியவர்களில் தமிழர்கள் உண்டு. அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போனவர்கள் அல்லர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்.

கதை 1964-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. பத்து வருடம் கழித்து 1974-இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75 ஆயிரம் 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை ஆட்டுமந்தை மாதிரிப் பாதி பாதியாகப் பிரித்த கணக்கு இது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

நாம் இதை அயலார் கதையாகக் கேட்க முடியாது. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டம் கடுமையாக அமலானபோது, இந்த நாட்டின் தோட்டங்களிலிருந்தும் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் கப்பலேறினார்கள். பேராக் தோட்டங்களில் அப்படி ஒரு குடும்பத்தையாவது வழியனுப்பாத லயம் குறைவு.

இலங்கையிலிருந்து தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களுக்கு வேலை காட்ட வேண்டுமே! தேயிலைக்காரர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். ரப்பர் வெட்டத் தெரிந்தவர்களைக் கேரளத்தில் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் அனுப்பினார்கள். சில குடும்பங்களின் தலையெழுத்து கச்சால் தீவு என்று வந்தது. அங்கே மழையும் வெக்கையும் நம் ஊர் மாதிரி. ரப்பருக்கு ஏற்ற மண் என்று 1960-களின் பிற்பகுதியில் நடவு தொடங்கியிருந்தது. பின்னர் 1977-இல் அமைக்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட மேம்பாட்டுக் கழகம் என்ற அரசு நிறுவனம் அந்தத் தோட்டத்தை நடத்தியது. வெட்டுக் கத்தி, பால் வாளி, விடியற்காலைப் பெரட்டு, ஒட்டுப்பால் என்று எல்லாம் நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான். தோட்டத்தைச் சுற்றிக் கடல் மட்டும் கூடுதல்.

அங்கே அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தீவு காலியாக இல்லை. அது நிக்கோபாரிப் பழங்குடிகளின் தீவு. தென்னையும் பன்றியும் மீனும் அவர்கள் வாழ்க்கை. குடும்பக் கூட்டாக நிலத்தை வைத்து ஆள்கிறவர்கள். பழங்குடிகளைப் பாதுகாக்க 1956-இல் கொண்டுவந்த ஒழுங்குவிதியின்படி வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. அரசின் அனுமதியின்றி நிலத்தில் உரிமை தேடவும் முடியாது. அந்தச் சட்டம் நியாயமானது என்பதுதான் என் கருத்து. அது இல்லாவிட்டால் அந்த மக்கள் என்றைக்கோ கடலில் தள்ளப்பட்டிருப்பார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பால் வெட்டப் போன தமிழனுக்கு அந்தத் தீவில் சொந்தம் என்று சொல்லக் கழகம் தந்த குடியிருப்பைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. முதலாளி ஒருவர்தான். அவர் கதவை மூடினால் அடுத்த தோட்டத்துக்கு நடந்து போக முடியாது. நம் தோட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பீடோருக்கோ சுங்கைக்கோ போய் வேறு கங்காணியிடம் பெயர் கொடுப்பான். கச்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கே (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) 400 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் வரும் நாளில்தான் பயணம்.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது இந்தத் தீவின் பெயர் சில நாள் உலகச் செய்தியில் அடிபட்டது. புத்தாயிரத்தின் முதல் சூரிய ஒளி விழும் இடங்களில் ஒன்று என்று சொல்லி, அங்கே விழாவே எடுத்தார்கள். அதன்பின் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள், 2004 டிசம்பர் 26-ஆம் நாள், சுனாமி. அதே அலை பினாங்கையும் கெடாவையும் தொட்டது. நம் நாட்டில் 68 உயிர்கள் போயின. நிக்கோபார் மாவட்டத்தில் மிக அதிகமானோர் காணாமற்போன தீவு கச்சால்.

இப்போது எண்களைச் சொல்கிறேன். 2001 கணக்கெடுப்பில் கச்சாலில் 5,312 பேர். 2011-இல் 2,685 பேர். பத்தாண்டில் ஏறக்குறைய சரிபாதி. அதே கால அளவில் நிக்கோபார் மாவட்டம் முழுவதையும் எடுத்தால் 42,068-இலிருந்து 36,842-ஆகக் குறைந்தது. மாவட்டக் கணக்கை மட்டும் பார்க்கிற அதிகாரிக்குக் குறைவு எட்டில் ஒரு பங்குதான். கச்சாலில் நிற்கிறவனுக்கு இரண்டில் ஒருவர் இல்லை. இந்த இடைவெளியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சிறிய இடத்தின் கணக்கைப் பெரிய இடத்தின் கணக்குக்குள் கரைத்துவிட்டால், அங்கே நடந்தது கண்ணுக்கே தெரியாது. இந்தியாவில் 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நோய்த்தொற்றால் தள்ளிப்போனதால், அந்தத் தீவைப் பற்றிப் பேச நெடுங்காலம் 2011-இன் எண்களே கைவசம் இருந்தன.

அந்த 2011 எண்களில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. நிக்கோபார் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 777 பெண்கள். இதைப் படித்தவுடன் பெண்குழந்தைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். பட்டாளத்துக்காரர், கடற்படைக்காரர், அரசு ஊழியர், ஒப்பந்த வேலையாட்கள் என்று ஆண்கள் தனியாக வந்து தங்குகிற இடத்தின் அடையாளம் அது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் பழங்குடியினர். அவர்கள் குடும்பமாக வாழ்கிறவர்கள். மிச்சப் பங்கில்தான் ஆண்கள் கூட்டம். ஆக, ஒரே தீவில் இரண்டு ஊர். ஒன்று தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர். மற்றது மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டும் ஊர். ரப்பர் வெட்டப் போன நம்மவர்கள் இந்த இரண்டிலும் சேராதவர்கள். திரும்பிப் போக ஊர் இல்லாததால் இரண்டாவது கூட்டத்தில் சேர்க்க முடியாது. நிலம் இல்லாததால் முதல் கூட்டத்திலும் சேர்க்க முடியாது. கச்சால் ஊர்ப் பட்டியலில் 'மீனாட்சி ராம் நகர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்களில் டிவிஷனுக்கு டிவிஷன் நாம் வைத்த மாரியம்மன் கோயில்கள் நினைவுக்கு வந்தன. பெயர் வைத்துவிட்டால் ஊர் நமதாகிவிடும் என்ற நம்பிக்கை நம் இரத்தத்திலேயே இருக்கிறது போலும்.

முதலாளி ஒருவரே என்றேன் அல்லவா? அந்தமானில் மரம் வெட்டுவதற்கு 2002-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்தபின் அந்தக் கழகத்தின் வருமானம் படுத்துவிட்டது. 2017-இல் கழகத்தையே மூடிவிட இந்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காட்டைக் காக்க வேண்டும் என்ற தீர்ப்பை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் எங்கோ வெட்டப்படும் மரத்துக்கும் கச்சாலில் வெட்டப்படும் பாலுக்கும் ஒரே கல்லாப்பெட்டி என்பதால், ஒன்று நின்றால் மற்றதும் ஆட்டம் கண்டது. தீவில் வேலைக்குப் போகிறவர் தன் சம்பளம் கடைசியில் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டும்.

இதே நிக்கோபார் கூட்டத்தின் தெற்குக் கோடியில் பெரிய நிக்கோபார் தீவு. 1969 தொடங்கி 1980 வரை அங்கே முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தவர், ஏறத்தாழ 330 குடும்பங்கள். இவர்களுக்குப் பயிர் செய்ய நிலம் கொடுத்தார்கள். நிலம் இருந்ததால் சுனாமிக்குப் பிறகும் உரிமை கேட்க அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. கச்சால் தோட்டத்தானுக்கு அது இல்லை. 2011-இல் பெரிய நிக்கோபாரில் இருந்தவர்கள் சுமார் 8 ஆயிரம் பேர். அங்கே கப்பல் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி தந்திருக்கிறார்கள். காலப்போக்கில் மூன்றரை லட்சம் பேர் வரலாம் என்பது திட்டக்காரர்கள் போடும் கணக்கு. அந்தத் தீவின் காட்டுக்குள் வாழும் ஷொம்பென் பழங்குடியினர் 2011 கணக்கில் 229 பேர். மூன்றரை லட்சத்துக்கு நடுவே 229 பேரை எந்தச் சதவிகிதத்தில் எழுதுவது? புள்ளிக்குப் பின்னால் எத்தனை சைபர் போட வேண்டும் என்று கணக்கு வாத்தியார்கள் சொல்லட்டும். எனக்கு இது முன்னேற்றமாகத் தெரியவில்லை.

'ஐயா, பங்கோரைப் பற்றிப் பேச வந்துவிட்டு எங்கோ போய்விட்டீர்களே' என்று அவைத் தலைவர் பார்க்கிறார். இதோ வந்துவிட்டேன்.

நம் தோட்டமும் ஒரு தீவாகத்தான் இருந்தது. ஒரே முதலாளி, அவன் கொடுத்த லயம், அவன் மூடினால் கதை முடிந்தது. 1970-இல் மலேசிய இந்தியர்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் நகரவாசி. 2000-இல் ஐந்தில் நால்வர் நகரவாசி. முப்பது வருடத்தில் கவிழ்ந்த கணக்கு அது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது நாம் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க அவகாசமும் கொடுக்கவில்லை. புறம்போக்கில் குடிசை போட்டோம். இப்போது பங்கோருக்குப் போகலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் கச்சாலைப் பற்றிப் பேசினேன்.

பங்கோர் பழைய தீவு. 1874 ஜனவரி 20-ஆம் நாள் பேராக்கின் தலைவிதியை மாற்றிய ஒப்பந்தம் அங்கேதான் கையெழுத்தானது. அதற்கும் இருநூறு வருடம் முன்பே டச்சுக்காரர்கள் தெலுக் கெடோங்கில் கோட்டை கட்டி ஈயத்துக்குக் காவல் வைத்தார்கள். டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்து, 1935-இல் பேராக்கோடு திரும்பச் சேர்ந்தது. பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர்தான். கிழக்குக் கரையில் சீன மீனவர் கிராமங்கள், நெத்திலி காயவைக்கும் களங்கள், படகுப் பட்டறைகள். மலாய்க் கம்பங்கள் உண்டு. நம்மவர்களும் உண்டு, ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவுக்கு லுமுட் படகுத்துறையில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. 2020 ஜனவரி முதல் பங்கோர் சுங்கவரி விலக்குத் தீவு.

சுற்றுலாக் குறிப்புகளில் பங்கோரின் மக்கள்தொகை 25 ஆயிரம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். முழு எண்ணாக யாராவது சொன்னால் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகிவிடுவேன். அதில் மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்தவர் எத்தனை, ஹோட்டல் வேலைக்கு வந்தவர் எத்தனை, பதிவு அங்கே இருந்து ஆள் கிள்ளானில் இருப்பவர் எத்தனை என்று யார் பிரித்தார்கள்? மாசிமகத்தன்று போய்ப் பார்த்துவிட்டு, 'ஆஹா, நம்மவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே' என்று வீடு வாங்கினீர்கள் என்றால், மறுவாரம் தீவில் நீங்களும் கோயில் குருக்களும் சில குடும்பங்களும்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நான் ஆசிரியர் என்பதால் எனக்குத் தெரிந்த அளவுகோல் பள்ளிக்கூடம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் நாட்டில் 2022-இல் ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. இந்தியர் மத்தியில் அதைவிடக் குறைவு. 2022 புள்ளிவிவரப்படி ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகள் சராசரி, இந்தியர்களிடையே 1.1 மட்டுமே. சீனர்களிடையே 0.8. இப்போது ஒரு பேச்சுக்கு, ஏதோ ஒரு தீவில் 600 தமிழர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐந்தாறு குழந்தை பிறந்தால் அதிகம். அத்தனை பேரும் தமிழ்ப்பள்ளிக்கே வந்தாலும் ஆறு வகுப்புக்கும் சேர்த்து முப்பதைத் தாண்டுவது சிரமம். 150-க்குக் குறைந்தாலே 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற முத்திரை. முப்பதைத் தொட்டால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் நிலை.

இந்த 600 பேர் ஊருக்கு, ஓய்வுபெற்ற இருபது தம்பதிகள் குடிபோகிறார்கள் என்று வையுங்கள். மக்கள்தொகை 640 ஆகிவிட்டது. பத்திரிகையில் 'தீவில் நம்மவர் எண்ணிக்கை உயர்வு' என்று கூடப் போடலாம். பள்ளியில் ஒரு குழந்தை கூடவில்லை. கிளினிக்கில் வரிசை நீண்டிருக்கிறது. வீட்டு வாடகை ஏறியிருக்கிறது. அந்த வாடகையைக் கொடுக்க முடியாமல் உள்ளூர் இளம் குடும்பம் ஒன்று சித்தியவானுக்குப் போய்விட்டால், பள்ளியில் இரண்டு குறையும். மாறாக, சின்னப் பிள்ளைகளோடு ஐந்தே குடும்பங்கள் போய், அங்கே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்டால், பள்ளியில் முப்பது நாற்பதாகலாம். நாற்பது தலையைவிட இருபது தலை அந்த ஊருக்கு அதிகம் செய்கிறது. நேயர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. நானும் ஓய்வுபெற்றவன்தான். நம் பணம் போகிற இடத்தில் யார் வெளியே தள்ளப்படுகிறார் என்று பார்ப்பது நம் கடமை.

வயதானவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேராக் நம் நாட்டிலேயே முதியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வீட்டைத் தட்டினாலும் அறுபதைத் தாண்டியவர்தான் கதவைத் திறக்கிறார். பங்கோரில் அரசு கிளினிக் உண்டு. பெரிய வைத்தியம் என்றால் கடல் கடந்து ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கு வர வேண்டும். பகலில் லுமுட்டுக்கு அரைமணி முக்கால் மணிப் பயணம் சுகமானது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் உங்களைப் படகில் ஏற்ற யார் வருவார்? அக்கம்பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அமங்கலமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்: இழவு விழுந்தால் தூக்குவதற்கு நான்கு தோள் வேண்டும் அல்லவா? அந்த நான்கு தோளுக்கும் என்ன வயது என்பதும் மக்கள்தொகைக் கணக்குதான்.

அடுத்தது நிலம். கச்சாலில் சட்டம் தடுத்தது. இங்கே அப்படி இல்லை. ஆனாலும் வீடு யார் பெயரில், பட்டா எந்த வகை, குத்தகை எத்தனை வருடம் பாக்கி என்று நில அலுவலகத்தில் பாருங்கள். 'அண்ணன் பெயரில்தான் இருக்கிறது, நம் ஆள்தான்' என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்தும் ஒரு துண்டு நிலம் கையில் இல்லாமல் வெளியே வந்த சமுதாயம் நாம். கடைபோட நினைக்கும் இளைஞர்கள் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் தீவுக்காரரா, சனி ஞாயிறு வருகிறவரா? 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சுற்றுலாவை மட்டும் நம்பிய தீவுகள் எல்லாம் ஒரே இரவில் ஓய்ந்தன. சுங்கவரி விலக்கு வந்து மூன்று மாதம் கூட ஆகாத நேரம் அது. அப்போதும் நெத்திலிக் களத்தில் மீன் காய்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். மீன் தின்கிறவன் தீவுக்கு வர வேண்டியதில்லையே.

அவைத் தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். தீவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் திருவிழா, பள்ளி விடுமுறை எதுவும் இல்லாத ஒரு வாரத்தில், மழைக்காலமாகப் பார்த்துப் போங்கள். ஐந்து நாள் தங்குங்கள். காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று எத்தனை பிள்ளைகள் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். மதியம் காப்பிக்கடையில் உட்கார்ந்து முப்பது வயதுக்காரர் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஞாயிறு மாலைப் படகுத்துறைக்கு வாருங்கள். சுற்றுலாப் பயணிகளை விடுங்கள். அவர்களோடு பெட்டியும் கையுமாக ஏறுகிற உள்ளூர்ப் பிள்ளைகளைப் பாருங்கள். எங்கே படிக்கிறாய், எங்கே வேலை, திரும்பி வருவாயா தம்பி என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளை சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடம் விலை பேசுங்கள்.